மூன்று தடவை வைத்தும் பட்டுப்போனது, சமையல் மூலிகையில் எதில் ஆரம்பிப்பது?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், இதுதான் முதல் பதிவு. எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் "இதுகூடத் தெரியாதா" என்று யாரும் கேட்கக் கூடாது.

சமைக்கும்போது நாலு இலை கிள்ளிப் போடுவதற்காக ஒரு கட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மீதி குளிர்பெட்டியில் கிடந்து கறுத்துக் குப்பைக்குத்தான் போகிறது. வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று மூன்று தடவை முயன்றேன். முதலில் கொத்தமல்லி. சமையலறை டப்பாவில் இருந்த விதையை ஒரு கைப்பிடி அள்ளி மண்ணில் போட்டேன், பத்து நாள் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, கிளறிப் பார்த்தால் விதை ஊறிப்போய் அப்படியே கிடந்தது. அடுத்து பேசில் (பாஸ்தாவில் போடுகிற துளசி வகை), தொட்டியோடு புசுபுசுவென்று விற்பதை வாங்கிவந்தேன், இரண்டே வாரத்தில் தலை தொங்கிவிட்டது. மூன்றாவது ரோஸ்மேரி. இதுதான் மனதைக் கஷ்டப்படுத்தியது, ஏனென்றால் அது மெதுவாகச் செத்தது. இலை காய்ந்து உதிர உதிர, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நானும் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் குச்சிதான் மிச்சம்.

இடம் என்று பார்த்தால் சமையலறை ஜன்னல் ஒன்று, சின்ன பால்கனி ஒன்று. ஜன்னலுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் வெயில் வரும், அப்புறம் வெளிச்சம் மட்டும். பால்கனியில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை நல்ல வெயில். தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், அதில் மட்டும் குறை வைத்ததே இல்லை.

சாகவே சாகாத செடி என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


மண்வாசம்_77:

"தினமும் காலையில் தவறாமல் தண்ணீர்." ரோஸ்மேரியை அதுதான் கொன்றிருக்கிறது. திட்டுவதாக நினைக்க வேண்டாம், நானும் இதே வழியில் இரண்டு ரோஸ்மேரியை அனுப்பி வைத்தவன்தான்.

அதிகத் தண்ணீரால் சாகிற செடியும் தண்ணீர் இல்லாமல் சாகிற செடியும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சிக்கலே அங்கேதான். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது. அப்போது இலை காயும், தொங்கும், நாம் பார்த்துப் பதறிப்போய் இன்னும் ஊற்றுவோம். ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ, சேஜ் எல்லாம் மத்தியதரைக் கடலோரத்தின் கல்லும் சரளையுமான காய்ந்த சரிவுகளில் வளர்ந்து பழகியவை. அவற்றுக்குத் தொட்டி மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை முழுக்க நனைய ஊற்றி, மறுபடி காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

தினமும் ஊற்றுகிற கை உங்கள் கை. அதை மாற்றுவதைவிட, அந்தக் கைக்கு ஏற்ற செடியை வைப்பது சுலபம். அதனால் புதினாவில் ஆரம்பியுங்கள். ஈரம் பிடிக்கும், அரை நிழலையும் பொறுத்துக்கொள்ளும், உங்கள் சமையலறை ஜன்னல் போதும். விதை வாங்க வேண்டாம். சமைக்க வாங்குகிற கட்டிலேயே தண்டு திடமாக இருப்பதாக நாலைந்து எடுத்து, ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து நிறுத்துங்கள். இலை தண்ணீரில் மூழ்கக் கூடாது, கணு மூழ்க வேண்டும், வேர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை, புதினாவுக்குத் தனித் தொட்டி. வேறு செடியோடு சேர்த்து வைத்தால் மண்ணுக்கடியில் ஓடுதண்டு விட்டு மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதிக்கொண்ட கதைதான்.


இலைக்காரி:

பேசில் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தொட்டி விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு.

தொட்டியோடு விற்கிறார்களே, அது ஒரு செடி கிடையாது தோழி. மண்ணை ஒதுக்கி எண்ணிப் பாருங்கள், பதினைந்து இருபது நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க அடர்த்தியாக இருக்க வேண்டும், சீக்கிரம் விற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நீண்ட நாள் வாழ அது தயாரிக்கப்படவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் இருக்கிற கொஞ்சம் மண்ணில் எல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, தண்ணீர் ஒரு வேளை தவறினாலும் தொங்கும், அதிகமானாலும் நடுவில் காற்றோட்டம் இல்லாமல் அழுகும். ஆக அது செத்தது உங்கள் குற்றம் மட்டும் இல்லை.

அடுத்த தடவை வாங்கினால் வந்த அன்றே (சரி, மறுநாள் கூடப் பரவாயில்லை) தொட்டியைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண்கட்டியை மெதுவாக நாலாக ஐந்தாகப் பிரித்து, மூன்று நான்கு நாற்றாக வெவ்வேறு தொட்டியில் வையுங்கள். கொஞ்சம் வேர் அறுபடத்தான் செய்யும். இரண்டு நாள் நிழலில் வைத்தால் தேறிக்கொள்ளும். சில சாகும். சாகட்டும், மிச்சம் இருப்பது பிழைத்தால் போதும்.

அப்புறம் முக்கியமான விஷயம் கிள்ளுவது. புதிதாக வளர்க்கிறவர்கள் செடிக்கு வலிக்கும் என்று அடியில் இருக்கிற பெரிய இலையை மட்டும் பறிப்பார்கள். நேர் எதிராகச் செய்ய வேண்டும். செடிக்கு உணவு தயாரிக்கிறதே அந்தப் பெரிய இலைகள்தான், அவை இருக்கட்டும். நுனியைக் கிள்ளுங்கள், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே. இலை தண்டோடு சேர்கிற இடுக்கில் ஒரு குட்டித் துளிர் உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நுனி போனதும் அந்த இரண்டும் கிளையாகக் கிளம்பும். ஒரு தண்டு இரண்டாகும், இரண்டு நாலாகும். மூன்று நான்கு ஜோடி இலை வந்ததுமே முதல் கிள்ளலைத் தொடங்கிவிடலாம். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

பூ மொட்டு தெரிந்தால் அதையும் கிள்ளுங்கள். பூக்க விட்டால் செடியின் கவனம் விதைக்குப் போய்விடும், இலை சிறுத்துக் கடுத்துப்போகும்.

பேசிலுக்கு வெயில் வேண்டும், ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்லது, அதனால் உங்கள் பால்கனிக்கு. ஆனால் குளிர் ஆகவே ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போகிற இரவுகளில் வெளியே விட்டால் காலையில் இலை கறுத்திருக்கும். வெட்டின இலையைக்கூடக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், நீங்கள் சொன்ன "கறுத்துப்போவது" பாதி அதனால்தான். பூங்கொத்து மாதிரி தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள், சில சமயம் அங்கேயே வேர்விட்டு உங்களுக்கு இலவசமாக இன்னொரு செடி கிடைக்கும்.


சும்மா_ஒருவன்:

எதற்கு இவ்வளவு பெரிய பாடம்? கொத்தமல்லியைத் தூவிவிட்டால் தானாக வரும். உலகத்திலேயே சுலபமான செடி அதுதான். முதல் முயற்சியில் வரவில்லை என்றால் விதை பழசு, வேறு விதை போடுங்கள். அவ்வளவுதான்.


மண்வாசம்_77:

தம்பி, உங்களுக்குத் தானாக வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் கொத்தமல்லியைப் "புதியவர்களுக்கு ஏற்றது" என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது சுலபமாகச் செத்துப்போகிற செடி இல்லை, சுலபமாக ஏமாற்றுகிற செடி. முளைக்க நேரம் எடுக்கும், முளைத்ததும் நாம் மகிழ்ந்து முடிப்பதற்குள் பூத்துவிடும்.

ஜன்னலோரம், உங்கள் விதை ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். நாம் விதை என்று சொல்கிற அந்த உருண்டை உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதை இருக்கும். அப்படியே போட்டாலும் முளைக்கும்தான், ஆனால் ஒரு துணியில் போட்டுச் சப்பாத்திக் கட்டையாலோ டம்ளராலோ லேசாக அழுத்தினால் இரண்டாகப் பிளந்துகொள்ளும், தண்ணீர் உள்ளே போக வசதி. பொடியாகிற அளவுக்கு அழுத்தாதீர்கள். பிறகு ஒரு இரவு ஊறவைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். இரண்டாவது, சமையல் டப்பாவில் எத்தனை காலம் இருந்ததோ, வறுத்ததா காய்ந்ததா, யாருக்குத் தெரியும். மூன்றாவது, நீங்கள் பத்தாம் நாளே கிளறிவிட்டீர்கள். கொத்தமல்லி ஒரு வாரத்திலும் வரும், குளிராக இருந்தால் மூன்று வாரம்கூட எடுக்கும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்கிற விரலால் நின்றுபோன முளைப்பு எத்தனையோ.

இன்னொன்று, அதற்கு நீண்ட ஆணிவேர், பிடுங்கி மாற்றி நட்டால் கோபித்துக்கொள்ளும். எங்கே வளர வேண்டுமோ அங்கேயே நேரடியாக விதைக்க வேண்டும், தொட்டி இருபது சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். வெயில் ஏறினால், மண் வறண்டால், வேர் தொந்தரவுபட்டால், உடனே நடுத்தண்டு நீண்டு இலை நூல் நூலாக மாறும். அதற்குப் பிறகு எவ்வளவு கிள்ளினாலும் திரும்பாது, பேசில் மாதிரி இல்லை. அதனால் ஒரே தடவை கைநிறையத் தூவாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே வந்தால் ஒன்று முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். பூத்ததைப் பிடுங்காதீர்கள். பூவுக்குத் தேனீயும் மிதவை ஈயும் வரும், பச்சைக் காயையும் சமையலில் போடலாம், முற்ற விட்டால் அடுத்த விதைப்புக்கு விதை.


சும்மா_ஒருவன்:

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் எப்போதும் பூத்துத்தான் போகிறது, அதுதான் அதன் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் வெற்றிக்கு வெந்தயம் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ராத்திரி ஊறப்போட்டு மறுநாள் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், பத்துப் பதினைந்து நாளில் குட்டியாக வெட்டலாம், விட்டுவைத்தால் மூன்று நான்கு வாரத்தில் கீரையாகவே எடுக்கலாம். ஆழமான தொட்டிகூடத் தேவையில்லை. மூன்று தடவை தோற்றவருக்கு முதலில் வேண்டியது ஏதாவது ஒன்று பச்சையாகக் கண்ணில் படுவதுதான்.

இன்னொரு ஏமாற்று வேலை, வெங்காயத்தாள். வேரோடு இருக்கிற அடிப்பகுதியை மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வேர் மட்டும் நனையும்படி டம்ளரில் நிறுத்துங்கள். மறுநாளே மேலே வளர்ந்திருப்பது தெரியும். இரண்டு மூன்று தடவை அப்படி வெட்டிவிட்டு மண்ணில் ஊன்றிவிடுங்கள், தண்ணீரிலேயே வைத்திருந்தால் சத்து தீர்ந்து மெலிந்துபோகும், நாற்றமும் வரும்.


வேர்முடிச்சு:

எல்லோரும் செடியைப் பற்றிப் பேசுகிறீர்கள், தொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. ஜன்னலோரம், உங்கள் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? மண் எங்கிருந்து எடுத்தீர்கள்?


ஜன்னலோரம்:

அழகான பீங்கான் தொட்டி. அடியில் ஓட்டை இல்லை. 🙈 ஆனால் தண்ணீர் வடிவதற்காக அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் போட்டிருந்தேன், அப்படிச் செய்யச் சொல்லி ஒரு காணொளியில் பார்த்தேன். மண் வீட்டுக்குப் பின்னால் தோண்டியது. இன்னொரு விஷயம், அந்தத் தொட்டியில் இப்போது குட்டிக் குட்டிக் கறுப்பு ஈ பறக்கிறது. செடி போனாலும் ஈ நன்றாக வளர்கிறது.


வேர்முடிச்சு:

சந்தேகப்பட்டதுதான்.

அடியில் கூழாங்கல் போட்டால் வடியும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற விஷயம், ஆனால் வேலை செய்யாது. ஓட்டை இல்லாத தொட்டியில் தண்ணீர் கல்லுக்குள் தேங்கி நிற்கும், அதற்கு வெளியேற வழி கிடையாது. ஓட்டை இருக்கிற தொட்டியில்கூடக் கல் உதவாது, ஏனென்றால் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, மண்ணின் அடிப்பகுதி முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக ஈரமாக நிற்கிற அந்தப் பகுதி தொட்டியின் அடியில் இல்லாமல் கல்லின் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் பக்கத்தில்.

நம்பவில்லை என்றால் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கைவசமாகத் தூக்கிப் பிடியுங்கள், சொட்டி முடியட்டும். இப்போது அதையே நெட்டாக நிமிர்த்துங்கள். மறுபடி கொஞ்சம் சொட்டும். அதே பஞ்சு, அதே தண்ணீர், உயரம் கூடியதும் வடிகிறது. தொட்டியில் கல் போடும்போது நாம் மண்ணின் உயரத்தைக் குறைக்கிறோம், அதாவது பஞ்சைப் படுக்கவைக்கிறோம்.

பீங்கான் தொட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். ஓட்டையுள்ள மலிவான பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கிவையுங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து விட்டு, வடிந்ததும் திரும்ப வைக்கலாம். அடித்தட்டில் தேங்குகிற தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள், வேருக்கும் நல்லது, கொசு முட்டையிடவும் இடம் கொடுக்காது.

மண் விஷயம். தரையில் நல்லதாக இருக்கிற மண் தொட்டிக்குள் வந்ததும் இறுகிக் கட்டியாகிவிடும், ஏனென்றால் தரையில் அதைப் பொலபொலப்பாக வைத்திருக்கிற மண்புழுவும் வேர்களும் இங்கே இல்லை. புதினா, பேசில், கொத்தமல்லி மாதிரி இலைச் செடிகளுக்கு மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் பழுதில்லை. ரோஸ்மேரி வகையறாவுக்கு நார்க்கழிவைக் குறைத்துவிட்டுப் பெருமணல் அல்லது பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்துகள்) மூன்றில் ஒரு பங்காவது சேருங்கள். கையில் பிடித்து அழுத்திப் பார்த்தால் முதல் கலவை உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். இரண்டாவது உருண்டையாகவே நிற்கக் கூடாது.

உரம் அதிகம் கொடுக்காதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை பெரிதாக, பளபளப்பாக, மணமே இல்லாமல் வரும். ரோஸ்மேரி, தைம் எல்லாம் கொஞ்சம் பட்டினி கிடந்தால்தான் நன்றாக மணக்கும். அடிக்கடி வெட்டுகிற புதினாவுக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போடலாம்.

ஈ பற்றி. அது பூஞ்சைக் கொசு. கடிக்காது, ஆனால் அதன் புழு மண்ணின் மேல் ஈரத்தில் வாழ்ந்து பூஞ்சையையும் மக்குப்பொருளையும் தின்னும், பெருகிவிட்டால் நாற்றின் மெல்லிய வேரையும் கடிக்கும். மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்கிற வரை பொறுத்திருந்து தண்ணீர் விட்டால் அதன் பாதிக் குடும்பம் அழிந்துவிடும். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. முட்டையிலிருந்து ஈயாக மாற மூன்று நான்கு வாரம் ஆகும், அதனால் ஒரு வாரத்தில் போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.


இலைக்காரி:

வேர்முடிச்சு சொன்ன பஞ்சு சோதனையை இப்போதுதான் செய்து பார்த்தேன், மேடை முழுக்கத் தண்ணீர். இத்தனை வருடமாக நானும் ஓட்டைமேல் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன், இனிமேல் வலைத்துணி ஒரு துண்டு போட்டுக்கொள்கிறேன், மண் கொட்டாமல் இருக்க அது போதும்.

ஒன்று சேர்க்கிறேன். நர்சரியில் வாங்கினால் அலங்காரச் செடிகளோடு நிற்கிற மூலிகையை அன்றே சமையலில் போட வேண்டாம். என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. சாப்பிடுவதற்காகவே வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள், சந்தேகமாக இருந்தால் இருக்கிறதை வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்ப்பதை எடுங்கள். நம் வீட்டிலும் அதேதான், அசுவினி (சாற்றை உறிஞ்சுகிற குட்டிப் பூச்சி) வந்தால் மருந்தைத் தேடாமல் குழாயடியில் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் போய்விடும்.


பனித்துளி:

எனக்கு ஜன்னலோரத்துக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, நான் தண்ணீர் ஊற்றவே மறந்துவிடுவேன். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் எல்லாம் சருகு. இங்கே கேட்கலாமா, இல்லை தனிப் பதிவு போட வேண்டுமா?


மண்வாசம்_77:

இங்கேயே கேளுங்கள். உங்களுக்குக் கற்பூரவல்லி. இலை தடிமனாகத் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஒரு கிளையை ஒடித்து மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். அதைக் கொல்ல ஒரே வழி தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான். மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஓரிகானோ போடுகிற இடத்தில் பாதி அளவு போட்டாலே போதும். அது பிழைத்தால் அடுத்து தைம், ஓரிகானோ. ரோஸ்மேரியையும் வைக்கலாம், மறதிக்காரர் கையில்தான் அது நன்றாக இருக்கும், ஆனால் விதையிலிருந்து வளர்க்க முயலாதீர்கள். முளைப்பது குறைவு, வளர்வது அதைவிட மெதுவாக. நாற்றோ தண்டோ வாங்குங்கள்.

மண் தொட்டி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மறக்கிறவர் புதினா வைத்தால் பிளாஸ்டிக், அதிகம் ஊற்றுகிறவர் தைம் வைத்தால் மண் தொட்டி.

ஜன்னலோரம், தண்ணீர் எப்போது விடுவது என்று நாள் கணக்கு வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது ரேகை வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒருமுறை நனைந்த உடனே தூக்கி அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டால், அப்புறம் தூக்கினதுமே கைக்குத் தெரிந்துவிடும்.


வேர்முடிச்சு:

வெளிச்சம் ஒன்று விட்டுப்போயிற்று. ஜன்னல் என்றால் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். நம் கண் சமாளித்துக்கொள்ளும், ஒரு மீட்டர் உள்ளே தள்ளினாலும் நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும், செடிக்கு அது இருட்டு மாதிரி. தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, வெளுத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், உரம் போதவில்லை என்று இல்லை. வாரம் இரண்டு முறை தொட்டியைத் திருப்பிவையுங்கள். வெயிலே வராத வீடு என்றால் வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு ஓர் அடிக்குள் தொங்கவிட்டுத் தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம், செடிக்கென்றே ஊதா நிறத்தில் விற்கிற விளக்குதான் வேண்டும் என்று கிடையாது.


ஜன்னலோரம்:

ஆறு வாரம் ஆயிற்று, கணக்குக் கொடுக்க வந்திருக்கிறேன்.

வெந்தயம் மூன்றாம் நாள் முளைத்தது. காலையில் ஜன்னலைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன், யாரும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. இப்போது இரண்டாவது சுற்று நடக்கிறது. புதினா ஐந்து தண்டு வைத்ததில் நான்கு வேர்விட்டது, ஒன்று தண்ணீரிலேயே கறுத்துப்போனது (இலை மூழ்கியிருந்தது, என் தப்புதான்). ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றி ஜன்னலை ஒட்டி வைத்திருக்கிறேன், மூன்று தடவை வெட்டியாயிற்று.

பேசிலைப் பிரித்தபோது எண்ணினேன், பத்தொன்பது நாற்று! ஐந்து தொட்டியாக வைத்ததில் இரண்டு போயிற்று, மூன்று பால்கனியில் ஜம்மென்று இருக்கிறது. கொத்தமல்லி பதினொன்றாம் நாள் வந்தது. பத்தாம் நாள் ராத்திரி கிளறிப் பார்க்க விரல் துடித்தது, மண்வாசம் அண்ணா நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

ஈ குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நான் கஷ்டப்பட்டுத் தண்ணீர் விடாமல் இருக்க, மாமியார் பாவம் செடி காய்கிறதே என்று மதியம் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் குச்சியில் காகிதம் ஒட்டி "குடித்தாயிற்று" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ரோஸ்மேரி இன்னும் வாங்கவில்லை. தைரியம் வந்ததும் வாங்குகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. பேசில் ஒன்றில் நுனியில் கோபுரம் மாதிரி ஏதோ வருகிறது, மொட்டு என்று நினைக்கிறேன். கிள்ள வேண்டும் என்று தெரியும். ஆனால் என் கையில் ஒரு செடி பூப்பது இதுதான் முதல் தடவை, மனசு வரவில்லை.


இலைக்காரி:

மாமியாருக்குத் தனியாக ஒரு புதினாத் தொட்டி கொடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் நிம்மதி.

மொட்டைக் கிள்ளுங்கள். அதற்குக் கீழே இரண்டு ஜோடி இலை தள்ளி வெட்டினால் அந்தத் துண்டையே தண்ணீரில் வைத்து இன்னொரு செடியாக்கலாம், மொட்டை மட்டும் நீக்கிவிட்டு வையுங்கள். மூன்று தொட்டி இருக்கிறதே, அவ்வளவு ஆசையாக இருந்தால் ஒன்றைப் பூக்க விடுங்கள், இலை கடுத்தாலும் விதை கிடைக்கும்.


ஜன்னலோரம்:

இரண்டு தொட்டியில் கிள்ளிவிட்டேன், டம்ளரில் நிற்கிறது. மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறேன். திட்டாதீர்கள்.